"சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க!" - அம்மாவின் குரலுக்காக மெத்தைகளை நிற்கவைத்த மகள்

"ஆபரேஷனுக்கு இன்னும் 11 நாள் இருக்கு. அதுக்குள்ள என்ன பாடணுமோ பாடிடுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மாவும் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்த மகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அம்மாவுக்குத் தைராய்டில் கட்டி. பயப்படும்படியான கட்டி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. ஆனால், வளர்ந்துகொண்டே போவதால் எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். குரல் நாண்களை அசைக்கும் மெல்லிய நரம்புகள் தைராய்டை ஒட்டியே போகின்றன. அவற்றுக்குச் சேதம் வராமல்தான் ஆபரேஷன் செய்வார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்ச நாள் கரகரப்பு இருந்துவிட்டுச் சரியாகிவிடும். "ஆனா, நீங்க பாட்டு டீச்சர். அதனால முன்னாடியே சொல்லிடுறேன். மேல் ஸ்தாயி பழைய மாதிரி வருமான்னு இப்பவே உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

நங்கநல்லூரில் இரண்டாவது மாடி வாடகை வீடு. 26 வருடங்களாக அம்மா வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். அவரிடம் சரளி வரிசையில் ஆரம்பித்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். அன்று இரவு மகள் தன் போனில் அம்மா பாடிய வீடியோவைத் தேடினாள். ஆயிரக்கணக்கில் போட்டோக்கள். வீடியோக்களும் ஏராளம். எல்லாவற்றிலும் அம்மா யாருக்கோ தாளம் போடுகிறார், யாரையோ திருத்துகிறார், கேக் வெட்டும்போது கூட்டத்தோடு கைதட்டுகிறார். முழுசாக ஒரு பாட்டு, அம்மா மட்டும் பாடியது, ஒன்றுகூட இல்லை.

மகளுக்கு வயது 27. ஐ.டி வேலை. அம்மாவிடம் பாட்டு கற்றுக்கொண்டு ஒன்பதாம் வகுப்பில் விட்டவள். "ஸ்டூடியோ புக் பண்ணிடலாமா?" என்று மறுநாள் காலையில் கேட்டாள்.

"வேண்டாம் பாப்பா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் உக்காந்து மணி பார்த்துக்கிட்டிருந்தா எனக்கு ஸ்ருதியே நிக்காது. பாடணும்னா இங்கேயே பாடுறேன்" என்றார் அம்மா.

இங்கேயே என்றால் பத்துக்குப் பத்து படுக்கையறை. உயரமும் கிட்டத்தட்ட பத்தடி.

கைதட்டல் சொன்ன ரகசியம்

ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி மைக் வாங்கினாள். லேப்டாப்பில் சொருகி, ஹாலில் அம்மாவை உட்காரவைத்து ஒரு கீர்த்தனையைப் பதிவுசெய்தாள். போட்டுக் கேட்டபோது இருவருக்குமே முகம் வாடிவிட்டது.

"என்னடி இது, கிணத்துக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு?"

மைக் சரியில்லையோ என்றுதான் மகள் முதலில் நினைத்தாள். இரண்டாவது முறை கேட்டபோதுதான் தாளத்தைக் கவனித்தாள். அம்மா தொடையில் தட்டும் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் 'ட்ர்ர்ர்' என்று ஒரு சின்ன வால் ஓடியது. எழுந்து நின்று கையைத் தட்டிப் பார்த்தாள். அதே வால்.

ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. பத்தடிக்கு அப்பால் இருக்கும் சுவரில் முட்டித் திரும்ப, ஒரு விநாடியில் 50-ல் ஒரு பங்குகூட ஆகாது. எதிரெதிர் சுவர்கள் இரண்டும் வழவழப்பான பெயின்ட் அடித்தவை. தரை டைல்ஸ். ஒலி அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் பந்துபோல மாறி மாறி அடிபட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்கும். நேரில் கேட்கும்போது நம் மூளை அதை ஓரளவு ஒதுக்கிவிடுகிறது. மைக்குக்கு அப்படி ஒதுக்கத் தெரியாது. பாட்டையும் சுவரையும் சேர்த்தே எழுதிக்கொள்கிறது.

26 வருடங்களாகத் தாளம் தட்டிய வீட்டில் இப்படி ஒரு சத்தம் இருப்பதை அன்றுதான் இருவரும் கவனித்தார்கள்.

முட்டை அட்டையும் ஓனர் அங்கிளும்

விஷயம் கேள்விப்பட்டுத் தம்பி உற்சாகமாகிவிட்டான். அன்று மாலையே மளிகைக் கடை அண்ணனிடம் கேட்டு முப்பது முட்டை அட்டைகளோடு வந்து நின்றான். "சுவர் முழுக்க ஒட்டிட்டா ஸ்டூடியோதான்க்கா. ஏ.ஆர்.ரஹ்மானே கோடம்பாக்கத்துல வீட்டுக்குப் பின்னாடி ஸ்டூடியோ கட்டித்தானே ஆரம்பிச்சாரு!"

"அது அவங்க சொந்த வீடுடா" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

சொல்லிவைத்ததுபோல் கீழ் வீட்டிலிருந்து ஓனர் அங்கிள் மேலே வந்தார். முட்டை அட்டைகளைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். "என்ன வேணாலும் பண்ணிக்குங்கம்மா. சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க. பசையும் வேண்டாம். போன வருஷம்தான் பெயின்ட் அடிச்சேன்."

ஒட்டியிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. முட்டை அட்டை மெல்லிய காகிதக் கூழ். உச்சமான ஒலிகளைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். குரலின் கனம் இருக்கும் கீழ் ஒலிகள் அதைச் சட்டைசெய்யாமல் கடந்துபோய்ச் சுவரில் மோதித் திரும்பிவிடும். சுலபமாகத் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. தெர்மாகோலும் உதவாது. அதற்குள் காற்று புகுந்து வெளியேற வழியில்லை.

பலரும் குழப்பிக்கொள்ளும் இன்னொரு விஷயமும் உண்டு. வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று. உள்ளே எழும் ஒலி எதிரொலிக்காமல் அடக்குவது வேறொன்று. முதலாவதற்குக் கனமான சுவரும், இடுக்கில்லாத கதவும் ஜன்னலும் வேண்டும். வாடகை வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. இரண்டாவதற்குத் தடிமனான, நெருக்கமான, காற்று நுழையக்கூடிய நார்ப்பொருள் போதும். ஒலி அந்த நார்களுக்கிடையே நுழைந்து உரசி, கொஞ்சமே கொஞ்சம் வெப்பமாக மாறி அடங்கிவிடும்.

தடிமனான, நெருக்கமான நார்ப்பொருள். மகள் கட்டிலைப் பார்த்தாள். இலவம்பஞ்சு மெத்தை.

இரவோடு இரவாக இடம்மாறிய குஷன்கள்

இந்த வைத்தியம் புதிதல்ல. 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகத்துக்குப் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கில், பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்கவே ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. அதற்குள் பேசுபவர் அடுத்த பத்துச் சொற்களைச் சொல்லியிருப்பார். இதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் கிளெமென்ட் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவருக்கும் அப்போது ஏறக்குறைய இந்த மகளின் வயதுதான்.

பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை குஷன்களை இரவில் தூக்கிவந்து, விரிவுரை அரங்கில் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கினார் சபைன். ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு நிறுத்தி, அந்த ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்தார். குஷன் கூடக் கூட ஒலி அடங்கும் நேரம் குறைந்தது. ஊர் அடங்கிய நள்ளிரவில்தான் வேலை. விடிவதற்குள் குஷன்களைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். ஓர் அறையில் ஒலி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்கிடும் சூத்திரம் அந்த இரவுகளிலிருந்து வந்ததுதான். 1900-ல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹாலின் ஒலியமைப்புக்கு அவரே ஆலோசகர். ஒலி உறிஞ்சும் அளவுக்கு இன்றும் 'சபைன்' என்று அவர் பெயர்தான். திறந்த ஜன்னல்தான் அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது அல்லவா!

மகள் இதை வாசித்துக் காட்டியபோது அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப ராத்திரியில நாமளும் மெத்தை தூக்கணும்னு சொல்லு!"

அண்டாவும் கூடவே பாடியது

தூக்கினார்கள். இரண்டு மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்தி, விழாமலிருக்க நாற்காலிகளை அண்டக் கொடுத்தார்கள். துணி காயவைக்கும் ஸ்டாண்டுகள் இரண்டில் கனத்த ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டார்கள். கல்யாணத்துக்கு வந்த ரஜாயை லாஃப்டிலிருந்து தொங்கவிட்டு, நழுவாமலிருக்க மேல் விளிம்பில் பித்தளை அண்டாவைப் பாரமாக வைத்தான் தம்பி. அம்மா ஸ்ருதி பிடித்ததும் அண்டாவும் சன்னமாகக் கூடவே ரீங்கரித்தது. அதை இறக்கிவிட்டு அரிசி மூட்டையை ஏற்றினார்கள்.

முதலில் மைக்குக்குப் பின்னால்தான் மெத்தையை நிறுத்தினாள் மகள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. அந்த வகை மைக் தன் முகத்துக்கு நேரே வருவதை நன்றாகக் கேட்கும், முதுகுப் பக்கம் வருவதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. மைக்கின் முகம் பார்ப்பது அம்மாவை, அம்மாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரை. அந்தச் சுவரிலிருந்து திரும்பும் ஒலிதான் நேராக மைக்குக்குள் போகிறது. மெத்தை இருக்கவேண்டிய இடம் அம்மாவின் முதுகுக்குப் பின்னால்.

மெத்தையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தியபோது இன்னும் நன்றாக இருந்தது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்றின் அசைவு குறைவு, சற்றுத் தள்ளி அதிகம். அசையும் காற்றைத்தான் பஞ்சு பிடித்து அடக்க முடியும்.

கீழ் ஸ்தாயியில் சில ஸ்வரங்களில் மட்டும் சத்தம் திடீரென்று வீங்கியது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவாக இருக்கும் அறைக்கு இது பிறவிக்கோளாறு. மூன்று திசையிலும் ஒரே ஒலிகள் தேங்கி ஒன்றை ஒன்று தூக்கிவிடும். அறையின் நட்டநடுவே இருந்த அம்மாவின் பாயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்த்தினார்கள். மூலையில் தலையணைகளையும் சுருட்டிய கம்பளிகளையும் மலைபோல அடுக்கினார்கள். பீரோ கதவைத் திறந்து, மடித்த புடவைகள் வெளியே தெரியும்படி விட்டார்கள். வீக்கம் ஓரளவு வடிந்தது.

மறுபடி கைதட்டல். இந்த முறை 'டப்' என்று ஒரே அடி. வால் இல்லை.

"சூப்பர்! பாடும்மா" என்றாள் மகள்.

அம்மா பாட ஆரம்பித்து, பல்லவி முடியும் முன்பே நிறுத்திவிட்டார்.

ஒரு மெத்தை வெளியே போனது

"என்னாச்சும்மா?"

"தெரியலடி. பாடுறது காதுக்குத் திரும்பி வரலை. வாயை விட்டு வெளியே போனதும் யாரோ பிடுங்கிக்கிற மாதிரி இருக்கு. குரல் போயிடுச்சுன்னா இப்படித்தான் இருக்குமோ?"

வீட்டில் யாரும் பேசவில்லை. 11 நாளில் நான்கு போய்விட்டிருந்தது. ஆபரேஷனைப் பற்றி அம்மா வாய்திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மகள் லேப்டாப்பை மூடினாள். எதிரொலி இல்லாமல் பதிவுசெய்ய வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்ததில், பாடுகிறவரை மறந்துவிட்டாள். பாடுகிறவருக்குத் தன் குரல் கொஞ்சம் திரும்பி வர வேண்டும். அது வராவிட்டால் தேவைக்கு மேல் அழுத்திப் பாடுவார்கள், ஸ்ருதியும் தடுமாறும், தொண்டையும் சீக்கிரம் களைக்கும். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் தொண்டைக்கு அது இன்னும் மோசம்.

அம்மா பார்க்கும் திசையில் நின்ற மெத்தையைத் தம்பியும் அவளும் தூக்கி ஹாலுக்குக் கொண்டுபோனார்கள். ஜமுக்காளம் ஒன்றையும் எடுத்தார்கள். முதுகுக்குப் பின்னால் இருந்ததும் மூலையில் இருந்ததும் அப்படியே நின்றன. அம்மாவுக்கு எதிரே வெறும் சுவர் கொஞ்சம் தெரிந்தது. தம்பூரா ஆப்பை ஹெட்போனில் ஓடவிட்டு, ஒரு காதில் மட்டும் மாட்டிவிட்டாள். மறு காது திறந்தே இருந்தது.

அம்மா மெல்ல 'ஸா' பிடித்தார். கண்ணை மூடினார். "ம்... இப்ப நான் இருக்கேன்" என்றார்.

ராத்திரி ஒன்றரை மணிக் கச்சேரி

மெத்தை வெளிச்சத்தத்தைத் தடுக்காது. மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்தில். விமானங்கள், லிஃப்ட், தெருநாய், மேல்வீட்டு மோட்டார் என்று ஒவ்வொன்றாக ஓய, நள்ளிரவு தாண்ட வேண்டியிருந்தது. அப்போதும் அவ்வப்போது ஒரு விமானம் வரும். அது போகும்வரை அம்மா தண்ணீர் குடிப்பார்.

ஃபேனை நிறுத்தினார்கள். ஃபிரிட்ஜையும் அணைத்தார்கள். காலையில் மறக்காமல் போட வேண்டுமே? ஸ்கூட்டர் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டான் தம்பி. சாவியைத் தேடினால் ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்துவிடும். ஃபேன் இல்லாத மே மாதம். ஈரத்துண்டை அம்மாவின் தோளில் போட்டுவிட்டு அப்பா விசிறியோடு காத்திருப்பார். ஒரு பாட்டு முடிந்ததும் ஓசையில்லாமல் வீசுவார். இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சாக யாராலும் தாங்க முடியவில்லை. தொண்டையை வருத்தக் கூடாது என்று டாக்டரும் சொல்லியிருந்ததால், ஓர் இரவுக்கு இரண்டு பாட்டுதான்.

ஆறு இரவுகள். 12 பாட்டுகள்.

கடைசி இரவு, பட்டியலில் இருந்தது முடிந்த பிறகு, மைக்கை அணைக்கப் போன மகளின் கையை அம்மா தடுத்தார். "இரு. இன்னொண்ணு இருக்கு."

அது வகுப்பில் சொல்லிக்கொடுக்காத பாட்டு. பாட்டி பாடிய தாலாட்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளைத் தூங்கவைக்க அம்மா அதைப் பாடியிருக்கிறார். ஆனால், மகளுக்கு ஒரு வரிகூட நினைவில்லை. அம்மா தாளம் தட்டவில்லை. நடுவில் ஓர் இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தி, மூச்சு எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பாட்டு முடியும் இடத்தில் தூரத்தில் ஒரு விமானம் இறங்கும் சத்தம் கேட்டது.

"திரும்பப் பாடட்டுமா?"

"வேண்டாம்மா."

அறை முழுக்க மெத்தையும் ஜமுக்காளமுமாகக் கிடக்க, நான்கு பேரும் வெறும் தரையில் படுத்துத் தூங்கினார்கள். காலையில் ஸ்கூட்டர் சாவி ஜில்லென்று இருந்தது.

"யாருடி இது?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நரம்புகளுக்குச் சேதமில்லை என்றார்கள். ஆனாலும் முதல் மூன்று வாரம் அம்மாவின் குரல் காய்ந்த ஓலை உரசுவதுபோல்தான் வந்தது. மாணவர்களுக்கு விடுமுறை. பதிவுகளைப் போடட்டுமா என்று மகள் இரண்டு முறை கேட்டாள். அம்மா இரண்டு முறையும் தலையை ஆட்டி மறுத்தார்.

ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம், தானாகவே ஹெட்போனைக் கேட்டு வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார்.

"யாருடி இது? நல்லாத்தான் பாடுறா" என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

குரல் மெல்ல மெல்லத் திரும்பியது. மேல் ஸ்தாயி மட்டும் முன்போல் எட்டவில்லை. ஐந்தரைக் கட்டையில் பாடிக்கொண்டிருந்தவர் ஐந்துக்கு இறங்கினார். "வயசானா எல்லாரும் இறங்குறதுதானே" என்று அவரே சொல்லிக்கொண்டார். வகுப்புகள் மறுபடி தொடங்கின. மெத்தைகள் கட்டிலுக்குப் போயிருந்தன, ரஜாய் லாஃப்டுக்கு, அரிசி மூட்டை அடுப்படிக்கு. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. ஓனர் அங்கிள் வந்து பார்த்துவிட்டு, "ரெக்கார்டிங்னு சொன்னீங்களே, எப்ப பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

போன வாரம் ஒருநாள் இரவு, சாப்பாடு முடிந்து மகள் லேப்டாப்பில் ஆபீஸ் வேலையாக இருந்தாள். படுக்கையறையிலிருந்து ஒரு கைதட்டல் கேட்டது. மறுபடியும் ஒன்று. எட்டிப் பார்த்தாள். அறையின் நடுவில் நின்று அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடுது பார் வால்" என்றார். "தம்பியைக் கூப்பிடு. மெத்தையை நிக்க வைங்க. அஞ்சு கட்டையில ஒண்ணு பாடிப் பார்க்கணும்."